உச்சிக்குழி சொல்லும் சேதி

  

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சிரசைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதுவும் பச்சைக் குழந்தையின் சிரசைப் பற்றி. ஒரு வயதுகூட நிறையாத குழந்தைக்கு மூளையில் கட்டி வளர்ந்தால், வீட்டில் இருக்கும் நாம் அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்பதே இன்றைய உரையின் பொருள்.

தலைப்பைக் கேட்டவுடனே, "வேளை கெட்ட வேளையில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று வானொலியை மூடிவிடாதீர்கள். இது மிக அரிதாக வரும் நோய். இந்த உரையைக் கேட்கும் பெரும்பாலான தாய்மார்கள் தங்கள் வாழ்நாளில் இந்த நோயுள்ள ஒரு குழந்தையைக்கூடப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் வகைகளில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பவை மூளைக்கட்டிகள்தாம். அரிதாக வருவதாலேயே வந்தபோது யாரும் அதை நினைப்பதில்லை. நினைக்காததால் நாள் கடந்துவிடுகிறது. நாள் கடந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டேன். அதில் என் தவறும் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நீட்டல் அளவைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காகிதத்தில் அளவு நாடா செய்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, "வீட்டில் உள்ளவர்களின் தலைச் சுற்றளவை அளந்து எழுதி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவி கொண்டுவந்த கணக்கு இது: அப்பா 56 சென்டிமீட்டர், அம்மா 54, பாட்டி 53, தம்பி 47. தம்பிக்கு வயது ஆறு மாதம்.

ஆறு மாதக் குழந்தைக்கு 47 சென்டிமீட்டர் தலையா? பிள்ளை நாடாவைக் காதுக்கு மேலே கோணலாகச் சுற்றியிருப்பாள் என்று நினைத்தேன். சிவப்பு மையால் 'மீண்டும் அளக்கவும்' என்று எழுதினேன். அடுத்த நாள் அவள் வந்து, "டீச்சர், மூன்று தடவை அளந்துட்டேன். அதேதான் வருது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "சரி, சரி, உட்கார்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் போனது. பிள்ளையை அழைத்துப் போக வந்த பாட்டியின் இடுப்பில் அந்தக் குழந்தை இருந்தது. குழந்தையின் கண்ணைப் பார்த்தேன். கருவிழி இரண்டும் கீழே இறங்கி, மேலே வெள்ளை விழி தெரிந்தது. மாலையில் பாதி மூழ்கிய சூரியனைப் போல என்று சொல்லலாம். மருத்துவர்களும் இதற்குச் 'சூரியாஸ்தமனக் கண்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். "பிள்ளைக்கு உடம்புக்கு என்ன பாட்டி?" என்று கேட்டேன்.

"மாந்தம் டீச்சர். மூணு வாரமா விடிஞ்சா வாந்தி. பல்லு முளைக்கிற நேரம் வேற. கிளினிக்குல ரெண்டு தடவ வயித்துக்கு மருந்து குடுத்தாங்க. திருஷ்டியும் கழிச்சுப் பார்த்துட்டேன். போன மாசம் போட்ட தொப்பி இந்த மாசம் நுழைய மாட்டேங்குது" என்றார் பாட்டி.

பாட்டி ஒவ்வொன்றையும் சரியாகக் கவனித்திருந்தார். வாந்தியைக் கவனித்தார், விடியற்காலையில் வருவதைக் கவனித்தார், தொப்பி இறுகியதையும் கவனித்தார். பேத்தி நாடா வைத்து அளந்தே சொல்லிவிட்டாள். ஆனால் இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நேயர்களே, அப்படிச் சேர்த்துப் பார்க்கும் வழியைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் குழந்தையின் மண்டை ஓடு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். நம்முடைய மண்டை ஓடு கெட்டியான ஒரே கிண்ணம் போன்றது. பிறந்த குழந்தையின் மண்டை அப்படி இல்லை. பல எலும்புத் தகடுகள் இணையாமல் அடுத்தடுத்து இருக்கும். பிரசவத்தின்போது தலை ஒடுங்கி வெளியே வரவும், பிறகு மூளை விரைவாக வளரவும் இந்த ஏற்பாடு. தகடுகள் சந்திக்கும் இடத்தில், நெற்றிக்கு மேலே நடுத்தலையில், எலும்பில்லாத மெத்தென்ற இடம் ஒன்று உண்டு. அதுதான் உச்சிக்குழி. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 12 மாதத்திலிருந்து 18 மாதத்திற்குள் மூடிக்கொள்ளும். சிலருக்கு 9 மாதத்திலேயே மூடலாம். சிலருக்கு இரண்டு வயதுவரை ஆகலாம்.

மூளையின் உள்ளே சில அறைகள் இருக்கின்றன. அங்கே தெளிந்த நீர் ஒன்று இரவும் பகலும் ஊறி, மூளையைச் சுற்றி ஓடி, மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நம் தோட்டத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வாய்க்காலில் ஒரு மரக்கட்டை விழுந்து அடைத்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கும் அல்லவா? மூளையில் கட்டி வளர்ந்து நீர் ஓடும் வழியை அடைத்தால் அப்படித்தான் நீர் தேங்குகிறது. தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது.

பெரியவர்களுக்கு மண்டை விரிய முடியாது. ஆகவே அழுத்தம் ஏறினால் கடுமையான தலைவலி வரும்; அவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். கைக்குழந்தைக்கோ மண்டை விரிந்து கொடுக்கிறது. தகடுகள் விலகுகின்றன, உச்சிக்குழி புடைக்கிறது, தலை பெரிதாகிறது. இதனால் குழந்தைக்குச் சில நாள் ஆபத்து தள்ளிப்போகிறது. அதே காரணத்தால் நமக்கும் நோய் தெரியாமல் போகிறது. 'தலை வலிக்கிறது' என்று சொல்லக் குழந்தைக்கு வாயில்லை. தலையின் அளவும், உச்சிக்குழியும், கண்ணும், வாந்தியும்தான் அதற்காகப் பேச வேண்டும்.

இப்போது அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உச்சிக்குழி. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, நிமிர்த்தி உட்கார வைத்த நிலையில், விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். சமமாகவோ சற்றே பள்ளமாகவோ இருந்தால் நல்லது. அங்கே நாடித் துடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயற்கை. குழந்தை அழும்போதும், இருமும்போதும், முக்கும்போதும், படுத்திருக்கும்போதும் சற்று மேலெழுவதும் இயற்கையே. ஆனால் அமைதியாக, நிமிர்ந்து இருக்கும்போதும் உச்சி புடைத்து விறைப்பாக இருந்தால் அது எச்சரிக்கை. உச்சி மிகவும் குழிந்து போயிருந்தால் அது வேறு சேதி. வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். குழிந்தால் நீர் குறைவு, புடைத்தால் உள்ளே அழுத்தம் என்று நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் மருத்துவர் வேண்டும். காய்ச்சலோடு உச்சி புடைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உச்சியில் எண்ணெய் வைப்பது நம் வழக்கம். வையுங்கள், தவறில்லை. ஆனால் வாந்தி எடுக்கும் குழந்தையின் உச்சியில் பச்சிலைப் பற்றுப் போட்டு நாள் கணக்கில் மூடி வைக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடத்தை நாமே மறைத்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது, தலையின் சுற்றளவு. பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 34 அல்லது 35 சென்டிமீட்டர் இருக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 40, ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46 சென்டிமீட்டர் ஆகும். பெண் குழந்தைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு குறைவாக இருக்கலாம். முதல் மூன்று மாதங்களில் மாதத்திற்கு 2 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதங்களில் 1 சென்டிமீட்டர், பிறகு ஒரு வயதுவரை அரை சென்டிமீட்டர் என்று தோராயமாக வளரும்.

ஒரே ஒரு முறை அளந்து பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பெரிய தலையாக இருந்தால் பிள்ளைக்கும் அப்படியே இருக்கலாம், அது நோயன்று. தலை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதுதான் முக்கியம். நான் சொன்ன குழந்தையின் பதிவுப் புத்தகத்தைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். பிறந்தபோது 34, இரண்டாம் மாதம் 39, நான்காம் மாதம் 43. அதன் பிறகு புத்தகத்தில் எழுத்தில்லை. பேத்தி அளந்தது 47. இரண்டு மாதத்தில் 2 சென்டிமீட்டர்கூட வளர வேண்டியதில்லை. வளர்ந்ததோ 4 சென்டிமீட்டர்!

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் நாடா போதும். புருவத்திற்கு மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலையில் எந்த இடம் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதோ அதன்மேல் சுற்றுங்கள். இறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். மூன்று முறை அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நாடா இல்லையென்றால் நூலால் சுற்றி, பிள்ளைகளின் அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை போதும். அரசாங்கக் கிளினிக்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எடைக்கும் உயரத்திற்கும் உள்ளதுபோலத் தலைச் சுற்றளவுக்கும் ஒரு கட்டப்படம் உண்டு. அதில் வளைகோடுகள் இருக்கும். உங்கள் குழந்தையின் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டியே போனால் நல்லது. ஒரு கோட்டைத் தாண்டி அடுத்த கோட்டுக்குத் தாவி ஏறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம், "தலையை அளந்து எழுதுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

மூன்றாவது, வாந்தி. எல்லாக் குழந்தையும் கக்கும். பால் குடித்து ஏப்பம் விடும்போது கொஞ்சம் வழிவது நோயன்று. வயிற்றுக் கோளாறு என்றால் வாந்தியோடு பேதியும், சில சமயம் காய்ச்சலும் சேர்ந்து வரும். பெரும்பாலும் சில நாளில் தணியும். மூளை அழுத்தத்தால் வரும் வாந்தி வேறு விதமானது. இரவெல்லாம் படுத்திருப்பதால் தலைக்குள் அழுத்தம் கூடி, காலையில் விழித்தவுடன் பீறிட்டு வரும். பேதி இராது, காய்ச்சல் இராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நல்லாக இருப்பதுபோலத் தோன்றி, மறுபடியும் வரும். வயிற்று மருந்துக்கு அடங்காது. நாள் கணக்கில் இப்படி நீடிக்கும் வாந்தியை, "செரிமானம் ஆகவில்லை" என்று சொல்லிக் கிரைப் வாட்டரும் வசம்பும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பிறந்து சில வாரமே ஆன குழந்தை குடித்த பாலையெல்லாம் பீறிட்டு எடுத்துவிட்டு, மீண்டும் பசியோடு அழுதால் குடல்வாயில் அடைப்பு இருக்கலாம். அதற்கும் மருத்துவமனைதான் வழி.

நான்காவது, கண். கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவதைச் சொன்னேன். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் கண்கள் சில நேரம் ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் அலையலாம், அது இயற்கை. அதற்குப் பிறகும் மாறுகண் நீடித்தாலும், நன்றாக இருந்த கண் திடீரென்று மாறுகண் ஆனாலும், கண் நடுங்கிக்கொண்டே இருந்தாலும், முன்பு உங்கள் முகத்தைத் தொடர்ந்து பார்த்த குழந்தை இப்போது பார்க்காமல் போனாலும் காட்ட வேண்டும். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று சொல்லி இருந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, கழுத்து. சில குழந்தைகள் தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருக்கும். நிமிர்த்தினால் வீறிட்டு அழும். நம் வீடுகளில் இதை 'உரம் விழுந்துவிட்டது' என்போம். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். நேயர்களே, பாட்டி வைத்தியத்தை இழிவாகப் பேச நான் வரவில்லை. ஆனால் பின் மூளையில் கட்டி இருந்தாலும் கழுத்து இப்படிச் சாயும். அந்தத் தலையை உருட்டுவதும் குலுக்குவதும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவர் பார்க்கும் முன் எந்தக் குழந்தையின் கழுத்தையும் உருட்ட வேண்டாம்.

ஆறாவது, வளர்ச்சி பின்னோக்கிப் போவது. உட்கார்ந்த குழந்தை மறுபடியும் சரிகிறது; கிலுகிலுப்பையைப் பிடித்த கை இப்போது பிடிப்பதில்லை. இவை கவனிக்க வேண்டியவை. இன்னொன்றும் உண்டு. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் வராது; இரண்டு கையையும் சமமாக நீட்டும். ஆறு ஏழு மாதத்திலேயே ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றதை மூடியே வைத்திருந்தால், "பிள்ளை இடக்கைக்காரன்" என்று மகிழாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏழாவது, வலிப்பு. கை கால் வெட்டி இழுத்தால் எல்லாருக்கும் தெரியும். தெரியாத வலிப்பு ஒன்று உண்டு. தூங்கி எழுந்ததும் குழந்தை திடுக்கிட்டதுபோலத் தலையைக் கவிழ்த்து, இரு கைகளையும் விரித்து மடக்கும்; சில வினாடி கழித்து மறுபடியும், மறுபடியும் தொடர்ச்சியாக வரும். வயிற்று வலி என்று எண்ணிவிடுவோம். இதற்குக் கட்டி மட்டுமே காரணம் என்பதில்லை. ஆனாலும் எந்தக் காரணமானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய் இது. இப்போது வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறதே! அதில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை அப்படிச் செய்யாமல் போகலாம், படம் பேசும்.

எட்டாவதாக, குழந்தையின் குணம் மாறுவது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழக்கூட எழாமல் பால் நேரத்திலும் தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 'சமர்த்துப் பிள்ளை' என்று விட்டுவிடக் கூடாது. அதேபோலத் தூக்கினால் இன்னும் அதிகமாகக் கத்தும் பிள்ளை, கீச்சென்ற புதுக் குரலில் அழும் பிள்ளை, நன்றாகக் குடித்தும் நாளுக்கு நாள் மெலியும் பிள்ளை ஆகியோரையும் காட்ட வேண்டும்.

இவற்றில் ஏதோ ஒன்று இருப்பதாலேயே மூளைக்கட்டி என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமே இருக்கும். தலையில் நீர் தேங்குவதற்கும் குறைமாதப் பிறப்பு, இரத்தக் கசிவு, மூளைக்காய்ச்சல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டு அடையாளங்கள் சேர்ந்து வந்தால், உதாரணமாக வாந்தியும் தலை வளர்ச்சியும், அல்லது வாந்தியும் கண் மாற்றமும் சேர்ந்தால், அன்றே போங்கள். குழந்தையை எழுப்ப முடியவில்லை, வலிப்பு வந்துவிட்டது, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கிளினிக்கில் எப்படிப் பேசுவது? நம்மில் பலர் அங்கே போய், "வாந்தி" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வாய் மூடி நிற்கிறோம். வாந்தி என்றால் வயிற்று மருந்துதான் கிடைக்கும். ஆகவே மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை நாளாக வாந்தி, எந்த நேரத்தில் வருகிறது, தலையிலோ கண்ணிலோ என்ன மாற்றம் கண்டீர்கள். பதிவுப் புத்தகத்தை மறவாமல் கொண்டுபோங்கள். மலாய் பேசும் தாதியிடம் தடுமாற வேண்டாம். தலைச் சுற்றளவுக்கு 'லிலித்தான் கெப்பாலா' என்று பெயர், உச்சிக்குழிக்கு 'உபுன்-உபுன்', வாந்திக்கு 'முந்தா', வலிப்புக்கு 'சாவான்'. இந்த நான்கு சொல்லும் போதும். கொடுத்த மருந்தில் குணமாகவில்லை என்றால் மீண்டும் போங்கள். "நேற்றுத்தானே வந்தோம், திட்டுவார்களோ" என்று கூச வேண்டாம். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தாயால் முடியாவிட்டால் தந்தை போகட்டும். ஆனால் குழந்தையைத் தினமும் பார்ப்பவர் உடன் போவது நல்லது.

ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் ஆயாமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே வயதுப் பிள்ளைகள் பலரைப் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பவர்கள் நீங்கள். ஒரு பிள்ளையின் தலையோ பார்வையோ மற்றவர்களுடையதுபோல இல்லை என்பது பெற்றவளுக்கு முன்பே உங்களுக்குத் தெரியக்கூடும். மாலையில் தாய் வந்ததும் மென்மையாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? உச்சிக்குழி திறந்திருப்பது இங்கே ஒரு நன்மையாகிறது. எலும்பில்லாத அந்த வழியாக ஒலி அலைக் கருவியை வைத்து, வலியில்லாமல் மூளையின் அறைகளைப் பார்த்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே முறைதான். பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் என்றதும் அஞ்சுவோர் உண்டு. ஒரு காலத்தில் மூளையைப் படம் எடுக்க, முதுகில் ஊசி போட்டுக் காற்றைச் செலுத்தி, மிகுந்த வேதனை கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இங்கிலாந்தின் ஹவுன்ஸ்பீல்டு என்ற பொறியாளர் கண்டுபிடித்த சி.டி. ஸ்கேன் கருவியில் 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள். அந்த முதல் படம் ஒரு மூளைக்கட்டியைத்தான் காட்டியது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதைவிட நுட்பமான காந்த அலை ஸ்கேனும் இருக்கிறது. குழந்தை அசையாமல் இருக்க, பால் கொடுத்தோ மருந்து கொடுத்தோ தூங்க வைத்து எடுப்பார்கள்.

கட்டி என்றாலே முடிவு என்று எண்ண வேண்டாம். சில கட்டிகள் புற்றுத்தன்மை இல்லாதவை. முழுவதும் எடுத்துவிட்டால் குணமாகிவிடும். சில கொடியவை, அறுவைக்குப் பின் நீண்ட நாள் மருந்து தேவைப்படும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளரும் மூளையைக் கதிர்வீச்சு பாதிக்கும் என்பதால் இயன்றவரை அதைத் தவிர்த்து மருந்தையே பயன்படுத்துவார்கள். நீர் மட்டும் வடியாமல் தேங்கினால் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்து வடியச் செய்வார்கள். கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, ஜொகூர் பாரு ஆகிய நகரங்களின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மூளை அறுவை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. செலவை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். 1966இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1994இல் தோன்றிய மாக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றமும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவி வருகின்றன.

தாய்மார்களின் மனத்தை அரிக்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்பதே அந்தக் கேள்வி. கர்ப்பத்தில் நீங்கள் தின்றதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்ததாலோ இந்தக் கட்டி வருவதில்லை. மிகச் சில குழந்தைகளுக்கே பரம்பரைக் காரணம் உண்டு. இது ஒட்டுவாரொட்டியும் அன்று. ஆகவே மாமியார் மருமகளையும், கணவன் மனைவியையும் குற்றம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

குடும்பங்கள் விழித்துக்கொண்டால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனில் 2011இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். மூளைக்கட்டியின் அடையாளங்களைச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் நோயைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் குறைந்தது. ஓர் அட்டை செய்ததை இந்த வானொலி உரையும் செய்யலாம் அல்லவா?

இனி அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அன்று மாலையே பதிவுப் புத்தகத்தோடு அவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை. அன்றிரவே ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனை. மூளையில் நீர் ஊறும் இடத்திலேயே ஒரு கட்டி. ஊற வேண்டியதற்கும் மேலாக நீரை ஊறச் செய்து தேக்கியிருந்தது. கைக்குழந்தைகளுக்கு வரக்கூடிய, புற்றுத்தன்மை இல்லாத கட்டி வகை அது. அறுவை செய்து முழுவதும் எடுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தான். ஆனால் வாரக் கணக்கில் இருந்த அழுத்தம் கண் நரம்பைத் தாக்கியிருந்ததால் பார்வையில் ஒரு பகுதி திரும்பவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் முதலாம் ஆண்டில் படிக்கிறான். கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். எழுத்தை முகத்தோடு ஒட்டி வைத்துத்தான் படிப்பான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், நான் சிரித்துக் கடத்திவிட்ட அந்த ஒரு வாரம் என் நினைவுக்கு வரும். மூன்று வாரம் முன்பே, இரண்டு வாரம் முன்பே, ஏன், அந்த ஒரு வாரம் முன்பே போயிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ!

இன்றும் நீட்டல் அளவைப் பாடத்தில் தலைச் சுற்றளவை அளந்து வரச் சொல்கிறேன். ஒரு பிள்ளை கொண்டுவரும் எண் எனக்கு நம்ப முடியாததாக இருந்தால் சிவப்பு மையை எடுப்பதில்லை. மாலையில் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வருகிறேன்.

நேயர்களே, இன்று வீடு திரும்பியதும், அல்லது இப்போதே, உங்கள் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, உச்சியை மெல்லத் தடவிப் பாருங்கள். நாடாவை எடுத்து ஒரு முறை அளந்து, தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் நலமாகவே இருக்கும். அந்த நலத்தை மாதந்தோறும் உறுதி செய்துகொள்ள ஒரு முழ நாடா போதும்.

உங்கள் குழந்தைகள் நோயின்றி நீடு வாழ்க என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.